ஈசிஜி அறையில் ஒருவர் மட்டும்

எங்கள் ஊரில் யாரும் ஆஸ்பத்திரிக்குத் தனியாக வருவதில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கூட இரண்டு பேராவது வருவார்கள். காய்ச்சல்காரர் பெஞ்சில் சாய்ந்து கிடப்பார், கூட வந்தவர்கள்தான் பேசுவார்கள். "சோறே எறங்கலைங்க." "வாய் கசக்குதாம்." "இதுக்குச் சொல்லத் தெரியாதுங்க, நாந்தான் சொல்லணும்." டாக்டரம்மா நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாலும் பதில் பக்கத்து நாற்காலியிலிருந்துதான் வரும்.

விருத்தாசலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். நர்ஸ் படிப்பு படித்தவள் இல்லை. பத்தாவதோடு நின்றவள். வந்த புதிதில் பஞ்சு சுருட்டினேன், பிறகு கட்டுப் போடக் கற்றுக்கொண்டேன், பிறகு பிரஷர் பார்க்க, ஈசிஜி எடுக்க. எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது திருத்தவும் தெம்பில்லை.

இந்த வேலையில் எனக்குச் சலிக்காத ஒன்று உண்டென்றால் அது ஜனங்களின் பேச்சுதான். கம்மாபுரம் பக்கத்துக்காரர் ஒருவர், "சுரங்கத்துல வேட்டு வச்சா வூட்டுச் சுவரு அதிருமே, அந்த மாதிரி நெஞ்சு அதிருதும்மா" என்றார். பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிற அம்மா ஒருத்தி, "வயித்துக்குள்ள சூளைய மூட்டி வச்சுட்டாங்க, தொறந்து வுட ஆளில்ல" என்றாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மூட்டு வலியோடு வருகிற அக்கா, "என் காலு எம்பேச்ச கேக்கறத வுட்டுட்டு பக்கத்து வூட்டுக்காரி பேச்ச கேக்குது" என்பாள். மாத்திரைச் சீட்டோடு இதையெல்லாம் எழுதிக் கொடுக்க ஓர் ஆள் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஆனால் காயம் என்று வந்துவிட்டால் இதே ஜனங்களின் பேச்சு வறண்டுவிடும். "விழுந்துட்டேன்." "கதவு இடிச்சுடுச்சு." "மாடு தள்ளிடுச்சு." அடித்தார்கள் என்று ஒரு சொல் வாயிலிருந்து வந்தால் பதிவு செய்ய வேண்டும், போலீசுக்குத் தகவல் போகும். அது எல்லோருக்கும் தெரியும். அதனால் பழி மாட்டின் மேல் விழும். மாடே இல்லாத தெருவிலிருந்தெல்லாம் மாடு முட்டி வந்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு: "கம்பெனியில பீங்கான் வெட்டிடுச்சு." இதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பாதி ஊருக்குப் பீங்கான் கம்பெனியில்தான் சோறு.

அந்தப் பெண் முதல் தடவை வந்தபோதும் பீங்கான்தான் வெட்டியிருந்தது. சின்ன வயசு. பொம்மை செய்கிற கம்பெனியில் அச்சு வேலை. மாமியார் கூட வந்திருந்தார். ஒல்லியான அம்மா, வாய் மட்டும் ஓயாது.

"எப்படிம்மா ஆச்சு?" என்று டாக்டரம்மா பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"கம்பெனியில வேலைங்க இதுக்கு," என்றார் மாமியார். "அச்சுலேருந்து பொம்மைய எடுக்கற வேல. பீங்கான் வெட்டிடுச்சு. எதுலயும் ஒரு நிதானம் கெடையாது."

பெண் தரையைப் பார்த்தாள்.

அச்சிலிருந்து எடுக்கிற பொம்மை வெறும் ஈர மண். அழுத்தினால் விரல் தடம் விழும். சூளைக்குள் போய் வந்த பிறகுதான் அது பீங்கான். எங்கள் ஊரில் இதைத் தெரியாதவர் இல்லை. டாக்டரம்மா கவனித்தது வேறு. வெட்டு விரலில் இல்லை, உள்ளங்கையில் இல்லை. முழங்கைக்குக் கீழே, வெளிப்பக்கம். முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினால் எந்த இடம் முன்னால் வருமோ அந்த இடம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தையல் போட்டோம். டாக்டரம்மா மறுபடியும் பெண்ணிடம் கேட்டார். மறுபடியும் மாமியார் சொன்னார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அனுப்பிவிட்டோம்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது டாக்டரம்மா சொன்னார்: "தனியா கேட்டாத்தான் சொல்லுவாங்க அக்கா. நாலு பேரு முன்னாடி கேக்கறது கேக்காததுக்குச் சமம்." அவருக்கு எங்கள் ஊர் இல்லை. வெளியூரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்.

தனியாக எங்கே கேட்பது? டாக்டரம்மாவின் அறைக் கதவு சாத்தினால் நிற்காது. கட்டுப் போடும் இடத்துக்குத் திரைச்சீலைதான். மருந்துக்கடைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு, தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். தாழ்ப்பாளோடு கதவு உள்ள இடம் ஒன்றே ஒன்று, ஈசிஜி எடுக்கிற அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, மிஷின், ஒரு விசிறி. கூட வந்தவர்களை அங்கிருந்து எப்படி வெளியே அனுப்புவது என்று யோசித்து, நான்தான் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்தேன். "உள்ள இன்னொரு ஆளு நின்னா கோடு ஆடிடுங்க. அப்புறம் மறுபடியும் எடுக்கணும்." மறுபடியும் எடுக்கணும், மறுபடியும் காசு என்றால் எங்கள் ஊரில் எந்தப் புருஷனும் வெளியே போய்விடுவான்.

அந்த அறையில் நிறையப் பேரிடம் கேட்டேன். கேட்கிற விதமும் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததுதான். "இங்க வர்ற பொம்பளைங்க எல்லார்கிட்டயும் இதக் கேக்கறோம். வூட்டுல யாராவது அடிக்கிறாங்களா? பயமுறுத்துறாங்களா?" சிலர் சிரித்தார்கள். சிலர், "எங்க வூட்டுல நாந்தான் அடிப்பேன்" என்றார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் கட்டிலிலிருந்து எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, கதவில் கை வைத்தபடி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள். சொன்னவர்களும் உண்டு. சொன்ன எல்லோருக்கும் எங்களால் ஒன்றும் செய்துவிட முடியவில்லை. அதெல்லாம் சேர்ந்து சாயங்காலம் காலில் வந்து உட்காரும்.

தையல் பிரிக்க அந்தப் பெண் வந்தபோது கூட்டம். பேச முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் படபடப்பு என்று மாமியார் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணின் குரல் கரகரவென்றிருந்தது. எச்சில் விழுங்கும்போது கண்ணைச் சுருக்கினாள்.

"சளி புடிச்சிருக்குது. தொண்டை கட்டிக்கிச்சு," என்றார் மாமியார். "கூடவே நெஞ்சு படபடங்குதாம்."

டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். இமையை விலக்கிக் கண்ணைப் பார்த்தார். "ஈசிஜி எடுத்துடலாம்," என்றார்.

மாமியார் பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். நான் என் பொய்யைச் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். "அப்படிங்களா," என்றுவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

வயரெல்லாம் ஒட்டி முடித்து, பெண்ணிடம் கேட்டேன். அவள் மேலே விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டரு, அது இந்த பேப்பர்ல தெரியுமா?"

"எதும்மா?"

"வூட்டுல நடக்கறது."

"தெரியாதும்மா. இதுல நெஞ்சு அடிக்கறது மட்டும்தான் தெரியும்."

"அப்ப சரி," என்றாள். பேப்பர் வந்துகொண்டிருந்தது. அது நின்ற பிறகு, "கழுத்தப் புடிச்சாரு," என்றாள். "கண்ணு இருட்டிக்கிச்சு. அப்புறம் முழிச்சப்ப அத்த தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. ரவிக்கைக் கொக்கியை நான் போட்டுவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் சொன்னதும் அவர் பேனாவை வைத்துவிட்டார். கழுத்தை நெரித்தது மற்ற அடி மாதிரி இல்லை என்றார். மேலே தடமே இல்லாமல் உள்ளே வீங்கலாம், ஒரு நாள் கழித்துக்கூட மூச்சு அடைக்கலாம். ஒரு தடவை கழுத்தைப் பிடித்தவன் அடுத்த தடவை கொன்றுவிடவும் கூடும். பெண்ணை மறுபடியும் அறைக்குள் கூப்பிட்டு அவரே பேசினார். ஸ்கேன் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பெண் பயந்துவிட்டாள். "இன்னிக்கி வேணாங்க. கேட்டுட்டு வரேன்." டாக்டரம்மா வற்புறுத்தவில்லை; போலீசுக்குத் தகவல் சொல்வதையும் அவளுக்காகத் தள்ளிப்போட்டார். மூச்சுத் திணறினால், விழுங்க முடியாமல் போனால் அந்த நிமிஷமே வரவேண்டும் என்று சொன்னார். பெண்களுக்கான உதவி எண்ணைக் காகிதத்தில் எழுதித் தரவில்லை, மனப்பாடம் பண்ண வைத்தார். காகிதம் புருஷன் கையில் கிடைத்தால் என்ன ஆவது? போனும் அவனிடம்தான் இருக்குமாம்.

அவர்கள் போன பிறகு மருந்துக்கடைத் தம்பி தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார். எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக்கடையைப் பார்த்துக்கொள்பவர். யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதலில் ஓடுகிற ஆள்.

"அக்கா, அந்தப் பொண்ணு வூட்டுக்காரன் நம்ம பையந்தான். லோடு ஆட்டோ ஓட்டுறான். தங்கமானவன். ஒரு டீய வாங்கிக் குடுத்து நாலு வார்த்த சொன்னா அடங்கிடுவான்."

"தங்கந்தான் கழுத்தப் புடிச்சுதா தம்பி?"

"போதையில இருந்திருப்பான்க்கா."

"போதையில உங்க கழுத்தப் புடிச்சானா? டீக்கடைக்காரர் கழுத்தப் புடிச்சானா?"

டாக்டரம்மா எழுந்து வந்துவிட்டார். "யாரும் அவன்கிட்ட பேச வேண்டாம். நம்மகிட்ட தலையாட்டுவான். கோபத்தை வீட்டுல போய் காட்டுவான். இங்க கேட்டது இங்கயே இருக்கணும்."

"சரிங்க மேடம்," என்றார் தம்பி.

சரி என்றுதான் சொன்னார். ஆனால் எங்கள் ஊரின் வழக்கம் அவருக்குள் ஊறிப்போனது. புருஷன் பொண்டாட்டி சண்டை என்றால் பெரிய மனுஷன் ஒருத்தன் கூப்பிட்டுப் பேச வேண்டும், இவன் தலையைக் குனிந்து கேட்க வேண்டும், ஆளுக்கொரு டீ குடிக்க வேண்டும், பிரச்சினை முடிந்தது. எத்தனையோ வீட்டில் இப்படி முடித்து வைத்ததாக அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். முடிந்த வீடுகளுக்குள் போய் யார் பார்த்தது? மறுநாள் காலை டீக்கடையில் அவனைத் தோளில் கை போட்டுக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரிக்கு வந்துச்சாமே வூட்டுல, பாத்து இருப்பா" என்று பொதுவாகச் சொன்னாராம். அவனும், "சரிண்ணே, இனிமே பாத்துக்கறேண்ணே" என்று டீக்கு அவனே காசு கொடுத்தானாம். தம்பி இதை எங்களிடம் சந்தோஷமாகவே சொன்னார். டாக்டரம்மா அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் வரவில்லை. வாசலில் ஒவ்வொரு தடவை செருப்புச் சத்தம் கேட்கும்போதும் எட்டிப் பார்ப்பேன். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். "நாம போனா அதுக்கும் அவதான் பதில் சொல்லணும் அக்கா," என்றார் டாக்டரம்மா. சரிதான். ஆனால் சும்மா இருப்பதைப் போல அலுப்பான வேலை வேறில்லை.

பிறகு ஒரு நாள் மாமியார் மட்டும் வந்தார். நேராக என்னிடம் வந்து, "எனக்கு அந்தக் கோடு எடுக்கணும்," என்றார்.

"நெஞ்சு வலிக்குதா?"

"எடுங்க சொல்றேன்."

உள்ளே படுக்க வைத்துத் தாழ்ப்பாளைப் போட்டேன். வயரை ஒட்டச் சேலையை விலக்கினால், தோளிலும் மேல்கையிலும் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

"உங்க மருந்துக்கடைக்காரரு புத்தி சொன்னாராம்ல? நல்லா இருக்கட்டும். வூட்டுக்கு வந்து, யாருடி ஊருக்குச் சொன்னதுன்னு ஆரம்பிச்சான். நான் குறுக்க வுழுந்தேன்."

"அந்தப் பொண்ணு?"

"இருக்குது. கஞ்சி கூட மெதுவாத்தான் எறங்குது." மூச்சு விட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தா அவன் கேப்பான் சிஸ்டரு, அவ என்ன சொன்னான்னு. அவ வாயத் தொறக்கல, எல்லாம் நாந்தான் பேசுனேன்னு நான் சொல்லணும். அது நெசமா இருந்தாத்தான் என்னால சொல்ல முடியும். எனக்குப் பொய் வராது."

"பீங்கான் வெட்டிடுச்சுன்னீங்களேம்மா?"

"பீங்கான்தான வெட்டுச்சு? சோத்துத் தட்டு. அவன் வீசுனான்."

இந்த அம்மாவை இத்தனை நாளும் காவல்காரி என்றுதான் நாங்கள் வைத்திருந்தோம். அவரே மிஷினைக் காட்டினார்.

"ஆளு நின்னா கோடு ஆடும்னீங்களே, நம்பிட்டேன்னு நெனச்சீங்களா? எங்க வூட்டுக்காரருக்கு இத வச்சப்ப சொந்தக்காரங்க அத்தன பேரும் சுத்தி நின்னோம். கோடு ஆடல. அவருதான் ஆடிப் போனாரு."

"அப்ப ஏன் வெளிய போனீங்க?"

"போவணும்னுதான் போனேன்."

பேப்பரைக் கிழிக்காமல் அப்படியே நின்றேன். அவர் வந்த காரணத்தைச் சொன்னார். மருமகளுக்கு அம்மா வீடு திட்டக்குடி பக்கம். அங்கே அனுப்பிவிட வேண்டும். மாமியார் அனுப்பியதாகத் தெரிந்தால் விடமாட்டான். மண் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, ஊர் மாற வேண்டும் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும்.

டாக்டரம்மா வந்து கேட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தூசின்னு எழுத மாட்டேன்மா. பொய் எழுதினா நாளைக்கு அதுவே அந்தப் பொண்ணுக்கு எதிரா நிக்கும். கழுத்துக்கு ஸ்கேன் பாக்கணும், அது உண்மை. நானே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். அங்க பேசி வைக்கிறேன், உதவி பண்ற ஆளுங்க இருக்காங்க. ஆனா போறதா வேண்டாமான்னு அந்தப் பொண்ணுதான் சொல்லணும். நீங்களும் சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது."

"அதுக்குச் சொல்லத் தெரியாதுங்க," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, அந்த அம்மா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

மறுநாள் அவன் லோடு ஏற்றிக்கொண்டு போன பிறகு மருமகளைக் கூட்டிவந்தார். இந்தத் தடவை உள்ளே டாக்டரம்மா, பெண், நான். மிஷினைப் போடவே இல்லை. டாக்டரம்மா எல்லாவற்றையும் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் என்ன பார்ப்பார்கள், பதிவு செய்வார்கள், போலீசுக்குத் தகவல் போகும், புகார் கொடுப்பது அவள் இஷ்டம், அம்மா வீட்டுக்குப் போவதும் திரும்பி வருவதும் அவள் இஷ்டம். பெண் விரல் நகத்துக்குள் காய்ந்திருந்த மண்ணை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"போறேன்," என்றாள் கடைசியில். "அப்ப அத்த?"

டாக்டரம்மா, "அதுக்கு என்கிட்ட இப்ப பதில் இல்லம்மா," என்றார்.

நான் ஆயிரம் ஆறுதல் கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பதில்தான் அவளை எழுப்பி நிற்க வைத்தது என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரிப் போனிலிருந்து அவளுடைய அம்மாவிடம் பேச வைத்தோம். ஆம்புலன்ஸில் ஏற்றினோம். ஏறும்போது மாமியார் அவள் பையில் எதையோ திணித்தார். ஆதார் அட்டை. காலையிலேயே ஜாக்கெட்டுக்குள் வைத்து எடுத்து வந்திருக்கிறார்.

சாயங்காலம் அவன் வந்தான். நல்ல சிரிப்பு. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மருந்துக்கடையில் நின்றான். "என்னாண்ணே, எங்க வூட்டுல எங்க அனுப்பிட்டீங்க?" தம்பி மாத்திரை அட்டையைக் கையில் வைத்தபடி, "டாக்டரம்மாவக் கேளு. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். டாக்டரம்மா வெளியே வந்து, "கழுத்து ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கேன். மத்ததை நோயாளிகிட்ட கேக்காம யாருக்கும் சொல்றதில்ல," என்றார். "சரிங்க மேடம், சரிங்க மேடம்," என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடுதான் எங்களைப் பயமுறுத்தியது.

மாமியார் அப்போது ஈசிஜி அறையில்தான் இருந்தார். போகவில்லை. சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டேன். உங்களை அடிக்கிறானா? இன்றைக்கு வீட்டுக்குப் போக பயமாக இருக்கிறதா? மகள் யாராவது இருக்கிறாளா, போய் இருக்க?

"நான் எதுக்குப் போவணும்?" என்றார். "வூடு எம் பேருல இருக்குது. எங்க வூட்டுக்காரரு கட்டுனது. போறதுன்னா அவன் போவட்டும்." தோளைத் தடவிக்கொண்டார். இத்தனை பேச்சுக்காரம்மா சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள், நான் திறக்கவில்லை.

"டாக்டரம்மாவக் கூப்புடுங்க. எழுதிக்கச் சொல்லுங்க. அவ சொல்லி எழுதுனா அவளத்தான் கொல்லுவேம்பான். எம்மேல பட்டத நான் சொல்றேன். எம் மவன நான் சொல்றேன், எவன் என்ன பண்ணுவான்?"

எழுதினோம். போலீசுக்குத் தகவல் போனது. அன்று ராத்திரி அந்த அம்மாவை எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே தங்க வைத்தோம்.

சினிமாவில் மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், எழுதி வாங்கினார்கள், விட்டார்கள். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் சிநேகிதன் அறையில் படுத்துக்கொள்கிறான். இடையில் ஒரு நாள் குடித்துவிட்டு வந்து வாசலில் நின்று கத்தியிருக்கிறான். கோர்ட்டு உத்தரவுக்கு ஒரு வக்கீலம்மா அலைந்துகொண்டிருக்கிறார். மருமகள் திட்டக்குடியில்தான் இருக்கிறாள். குரல் சரியாகிவிட்டது. திரும்பி வருவாளா என்று கேட்டால், தெரியவில்லை என்கிறாளாம். மருந்துக்கடைத் தம்பி இப்போதெல்லாம் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்ப்பதில்லை. நாங்கள் உள்ளே பேசினால் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார்.

மாமியார் பிரஷர் பார்க்க வருவார். போன வாரமும் வந்தார். பட்டையைக் கையில் சுற்றும்போது, வீட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு தாழ்ப்பாளு போட்டுக்கிட்டுப் படுக்கறேன் சிஸ்டரு. பெத்த மவனுக்குத் தாழ்ப்பாளு."

"தூக்கம் வருதா?"

"நல்லா வருது," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதுதான் அசிங்கமா இருக்குது."